நிரப்பிய முகம்

சமையலறை விளக்கைப் போடாமலே அவள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் வந்த விடியல் வெளிச்சமே அவளுக்கு அதிகமாகத் தெரிந்தது. முந்தானையால் இரண்டு கன்னங்களையும் மூடி, அடுப்பை விட்டுத் திரும்பாமல் நின்றாள். உள்ளே கன்னங்கள் கனத்தன. யாரோ இரவல் கொடுத்த சதையைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டுப் போனது போல இருந்தது. இடது கண்ணுக்குக் கீழே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு திட்டு.

கல்யாண வேலைக்கென்று வந்து தங்கியிருந்த நாத்தனார் உள்ளே வந்து சட்டென்று விளக்கைப் போட்டாள்.

"எதுக்கு இருட்டுல... ஐயோ! என்ன அண்ணி இது மூஞ்சி? தேனீ கொட்டிருச்சா?"

"பல்லு வலி..."

"ரெண்டு பக்கமும் சொல்லிவச்ச மாதிரியா?" நாத்தனார் முந்தானையை விலக்கினாள். ஊசி இறங்கிய புள்ளிகளை உற்றுப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "எங்க ஆபீஸ்ல ஒருத்தி இப்படித்தான் வந்து நின்னா. கன்னத்த உப்ப வைக்கிற ஊசிதானே இது? ஒட்டிப்போன இடத்துல ஜெல்லு மாதிரி எதையோ அடைப்பாங்களாமே... அதத்தானே போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க?"

பால் பொங்கி வழிந்தது. இருவருமே அடுப்பை அணைக்கவில்லை.

"சிட்டு! ஏ சிட்டு! இங்க வந்து உங்கம்மாவப் பாரு! கல்யாணப் பொண்ணு யாருன்னு மாப்பிள்ளையே குழம்பப் போறாரு!"

மகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். வாசற்படியில் அப்படியே நின்றாள். சிரிக்கப்போகிறாள் என்று ஒரு கணம் தோன்றியது. சிரிக்கவில்லை.

"அழகுக்காகவா அம்மா?" என்றாள், மெதுவாக.

'ஆமாம்' என்றால் பொய். 'இல்லை' என்றால் அடுத்த கேள்வி வரும். அந்த அடுத்த கேள்விக்குப் பயந்துதான் இத்தனை வருடமும் வாழ்ந்திருக்கிறாள்.

"ஆமா" என்றாள்.

"அப்பா போய் இன்னும் ஒரு வருஷம் ஆகல... கடைசியில மூச்சு விட முடியாம எப்படிக் கெடந்தாரு! அந்த ஈரம் காயறதுக்குள்ள உனக்கு எப்படிம்மா கண்ணாடி பாக்கத் தோணுச்சு?"

"எங்கண்ணன் இருந்திருந்தா இது நடக்குமா?" என்றாள் நாத்தனார். "தங்கமான மனுஷன். ஊர் ஊரா அலைஞ்சு சம்பாதிச்சு உங்கள ராணி மாதிரி வச்சிருந்தாரு. அவரு பேரக் கெடுக்கன்னே..."

"சும்மா இருங்க அத்தை." மகளின் கண்கள் நிரம்பிவிட்டன. "நீ எப்பவுமே இப்படித்தான்மா. சின்ன வயசுல உனக்குக் கை அறுபட்டு ரத்தம் வந்தப்ப நான் ஓடி வந்தேன். என்னைப் பிடிச்சுத் தள்ளிவிட்ட. சுவத்துல போய் விழுந்தேன். அப்பாதான் தூக்கினாரு. உனக்கு உன்னைத் தவிர வேற யாரும் வேண்டாம்... மேடையில என் பக்கத்துல நீ நிக்க வேண்டாம். கீழயே உக்காரு. எனக்கு வெக்கமா இருக்கு."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கதவு அறையப்படவில்லை. மெல்லச் சாத்தப்பட்டது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அவள் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

அந்த ரத்தம் பட்டுவிடக்கூடாது என்றுதான் தள்ளினாள். அதற்குச் சில வருடம் முன்பு, சிட்டு நடை பழகிய காலத்தில்தான் எல்லாம் தெரிந்தது. வெளியூர் வேலையிலிருந்து காய்ச்சலோடு திரும்பிய கணவன், ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அவனுக்கு எச்.ஐ.வி. அவளுக்கும் வந்துவிட்டிருந்தது. குழந்தைக்கு இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தபோது, அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து சிரித்தாள். பைத்தியம் போலச் சிரித்தாள். "சிட்டுக்குத் தெரிய வேண்டாம்... என் தங்கச்சிக்கும் தெரிய வேண்டாம்... என் மேல உனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் இத மட்டும் செய்" என்று அவன் கெஞ்சினான். அவள் செய்தாள். அவன் நுரையீரல் கெட்டுச் செத்தபோதும், நுரையீரல் என்று மட்டுமே எல்லோருக்கும் சொன்னாள்.

உயிரைக் காப்பாற்றிய அந்தக் காலத்து மாத்திரைகள் முகத்தின் கொழுப்பைத் தின்றுவிட்டன. மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். போன சதை திரும்பவில்லை. கன்னம் உள்ளே போயிற்று. நெற்றிப்பொட்டு குழிந்தது. "அம்மாவுக்கு உடம்பே ஒட்டாது" என்று வீட்டில் வேடிக்கையாகச் சொல்வார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அவளுக்கு வேலை போட்டோ ஸ்டுடியோவில். பிறர் முகங்களைத் திரையில் பெரிதாக்கி, கண்ணுக்குக் கீழே உள்ள கருமையைப் போக்குவாள், கன்னத்தை நிரவுவாள். தன் படம் எதிலாவது வந்தால் மட்டும் சத்தமில்லாமல் அழித்துவிடுவாள்.

பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அம்மா அவளைப் பார்த்தாள். அந்த அம்மாள் தொற்றுநோய் வார்டில் தலைமை நர்ஸ். கையில் காபி டம்ளரோடு, ஒரு வார்த்தை பேசாமல், கன்னத்தையும் நெற்றிப்பொட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆனால் அதற்குப் பிறகு இவளுக்குத் தூக்கம் போய்விட்டது. இன்னொரு தடவை அந்தக் கண்ணெதிரே நின்றால் தெரிந்துவிடும். கல்யாணம் நிற்கும். ஏன் நின்றது என்று சிட்டு கேட்பாள். செத்துப்போன அப்பா அந்தப் பிள்ளைக்கு மறுபடியும் சாவார்.

தோல் டாக்டரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை, இதே காரணத்துக்காக வருபவர்கள் உண்டு என்றார். "இளமை திரும்பிடும்னு நினைக்காதீங்க. பள்ளம் மேடாகும், அவ்வளவுதான். அதுவும் நிரந்தரம் இல்ல, கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சிடும். முதல்ல வீங்கும், சில பேருக்கு ரத்தம் கட்டும், வடிய நாளாகும். கல்யாணத்தை வச்சுக்கிட்டு இவ்வளவு நெருக்கத்துல வரலாமா? தவணை தவணையா போடறதுதான் நல்லது." அவள் கேட்கவில்லை. ஒரே தடவையில் முடித்துவிடச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாள். கடைசியில், குறைவாகத்தான் போடுவேன் என்றார். மருந்து ரத்தக்குழாயில் இறங்கினால் ஆபத்து என்றும், தோல் வெளுத்தாலோ, தாங்க முடியாமல் வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அந்த நிமிடமே ஓடிவர வேண்டும் என்றும் இரண்டு முறை சொன்னார். ஊசி இறங்கும்போது கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். வலித்தது. பொறுத்துக்கொண்டாள்.

மறைக்கப் போன முகத்தை ஊரே பார்க்கும்படி ஆக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மதியத்துக்கு முன்பே வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நர்ஸம்மா இறங்கினாள். சிட்டு அழுதுகொண்டே மாப்பிள்ளையிடம் பேசியிருக்கிறாள். அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். கூடத்தில் நாத்தனார் வரவேற்றாள்.

"வாங்க. எங்க வீட்டு மானத்தப் பாக்க வந்தீங்களா?"

"சம்பந்தியம்மாவப் பாக்க வந்தேன்" என்றாள் நர்ஸம்மா. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பின்னறைக்கு வந்து கதவைத் தாழிட்டாள்.

அவள் கட்டிலிலிருந்து எழுந்தாள். முடிந்துவிட்டது என்று நினைத்தாள்.

"உக்காருங்க. வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க." நர்ஸம்மா விரல் நுனியால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "தோல் எங்கயாச்சும் வெளுத்துச்சா? பார்வை சரியா இருக்கா? வலி கூடிக்கிட்டே போகுதா?"

"இல்ல..."

"சரி. வெறும் ரத்தக்கட்டுதான். வடிஞ்சிடும்." கையை எடுத்தாள். வெளியே நாத்தனாரின் குரல் கேட்டது. அது நிற்கும்வரை காத்திருந்தாள்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள்.

எந்த மாத்திரை என்று அவள் கேட்டிருக்கலாம். தெரியாதவள் அப்படித்தான் கேட்பாள். ஆனால் அவளுக்குள் எதுவோ இற்றுப்போயிருந்தது.

"ஒரு வேளைகூட விட்டதில்ல" என்றாள்.

"அப்புறம் எதுக்கு இந்த ஊசி?"

"கால்ல விழுந்து கேக்கறேன்... என் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. குழந்தையிலயே பாத்தாச்சு. நான் வேணா கல்யாணத்துக்கே வரல. எங்கயாவது போயிடறேன். அவள மட்டும் வேண்டாம்னு சொல்லிடாதீங்க!"

குனியப் போனவளின் தோள்களை நர்ஸம்மா பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாம்னா அன்னிக்கே சொல்லியிருக்க மாட்டேனா? காபிய வாங்கும்போதே எனக்குத் தெரியும். எத்தனை முகத்த இப்படிப் பாத்திருக்கேன்! இவ்வளவு வருஷம் தாக்குப்பிடிச்சு ஒருத்தி பொண்ண வளத்திருக்கான்னா அந்த வீட்லதான் சம்பந்தம் வைக்கணும்னு நினைச்சேன். அதுக்குத்தான் உங்களையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அந்தப் பார்வைக்குப் பயந்துதான்..."

"அட தேவுடா!" நர்ஸம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நான் பாத்ததுக்கு நீங்க ஊசி போட்டுக்கிட்டீங்களா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிரிப்பு வரவேண்டிய இடம்தான் அது. வந்தது அழுகை. வீங்கிய கன்னத்தில் கண்ணீர் இறங்கிய வழியெல்லாம் எரிந்தது.

"என் பையன்கிட்டகூட நான் சொல்லல" என்றாள் நர்ஸம்மா, கதவைத் திறக்குமுன். "அது சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஆனா நீங்க உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க. தாயப் பத்தித் தப்பா நினைச்சுக்கிட்டு ஒரு பொண்ணு என் வீட்டுக்கு வரவேண்டாம்."

மகளின் அறையில் பெட்டி திறந்து கிடந்தது. சிட்டு புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல், அறுபட்ட கையிலிருந்து தொடங்கினாள்.

சொல்லி முடித்தபோது மகளின் மடியில் பாதி மடித்த புடவை அப்படியே இருந்தது.

"அப்பாவா?" என்றாள்.

"அப்பாதான்."

"அன்னிக்கு அப்பா என்னைத் தூக்கி... 'அம்மா கோபக்காரி'ன்னு சொன்னாரும்மா. எனக்கு ஞாபகம் இருக்கு. எல்லாம் தெரிஞ்சே சொன்னாரா?"

அவன் அப்படிச் சொன்னது அவளுக்கு இதுவரை தெரியாது. இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவளுக்குக் கணவன் மீது நெஞ்சு கொதித்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"பயந்துட்டாருடா. கெட்டவர் இல்ல... பயந்தவர்."

"நீ பயப்படலையா?"

அந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "தெனமும்" என்றாள். "தெனமும் பயந்தேன்டா கண்ணு..."

சிட்டு தரையில் சரிந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். குழந்தையில் தள்ளிவிடப்பட்டவள், இப்போது தள்ள முடியாதபடி இறுக்கினாள். "நான் என்னென்ன சொல்லிட்டேன்... மேடைக்கு வராதன்னு... நாக்க அறுத்துப் போடணும்மா எனக்கு!" மகளின் உடல் குலுங்குவதை அவள் தன் விலா எலும்புகளில் உணர்ந்தாள்.

கதவு தட்டப்பட்டது. "என்ன, தாயும் மகளும் ராசியாயிட்டீங்களா? சம்பந்தியம்மா பெரிய மனசு, ஒண்ணும் சொல்லாம போறாங்க. எங்கண்ணன் பேருக்காகத்தான் இந்தச் சம்பந்தமே நிலைச்சு நிக்குது, அத மறந்துடாதீங்க!"

சிட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தாய் தடுக்குமுன் கதவைத் திறந்து வெளியே போனாள்.

"அத்தை, அம்மாவ இனிமே ஒரு வார்த்தை சொல்லாதீங்க. நான்தான் ஊசி போட்டுக்கச் சொன்னேன். போட்டோல நல்லா இருக்கட்டும்னு. உங்களுக்குப் பயந்து காலையில மாத்திப் பேசிட்டேன்."

"நீயா? அடிப்பாவி..."

"ஆமா. நான்தான்."

குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. அவ்வளவு சுத்தமாகச் சொல்லப்பட்ட பொய் யாருடையது என்று உள்ளே உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியும். இந்த வீட்டில் அவளே பேசிப் பழகிய குரல் அது. சொத்து என்று மகளுக்கு எதுவும் கொடுக்கவில்லை. இதை மட்டும் கொடுத்து அனுப்புவதா?

எழுந்தாள். முந்தானை தோளிலேயே இருந்தது. கூடத்தின் வெளிச்சத்தில், இரண்டு கன்னங்களும் தெரிய, நாத்தனாருக்கு எதிரே வந்து நின்றாள். புறப்பட்டுக்கொண்டிருந்த நர்ஸம்மா வாசலில் நின்றாள்.

"இவ சொல்லல" என்றாள். "நானாத்தான் போட்டுக்கிட்டேன்."

"அம்மா, வேண்டாம்மா..."

"போதும் சிட்டு." மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனாரிடம் திரும்பினாள். குரல் உயரவில்லை. "நீ இப்படி வந்து உக்காரும்மா. உங்கண்ணன் உனக்குத் தெரிய வேண்டாம்னு சொல்லிட்டுப் போன விஷயம் ஒண்ணு இருக்கு."

நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்தாள். சொல்லாமல் உட்கார்ந்தாள்.