தாழை மரத்துத் தண்ணீர்

நங்கூரத்தைத் தூக்கியபோதே காற்று சரியில்லை. ஆனாலும் ‘ஸ்டெல்லா’ என்ற அந்தச் சின்னக் கப்பல் புறப்பட்டது. அதில் மூன்றே பேர்: கேப்டன் சூசைமாணிக்கம், எஞ்சின் பார்க்கும் பிச்சையா, கல்லூரி மாணவி ஜெசிந்தா. சுற்றுலாக் கப்பல்களுக்கு வழி பார்க்க அந்தமானின் மேற்குக் கரையோரமாகப் படகில் தனியே போன அவளுடைய அண்ணன் ரெமி திரும்பவில்லை. அவனைத் தேடித்தான் இந்தப் பயணம்.

ஆளில்லாத குடா ஒவ்வொன்றிலும் நுழைந்து சங்கு ஊதினார்கள். பறவைகள்தான் எழுந்து பறந்தன. பிறகு ஒரு பேரலை மேல்தளத்தில் விழுந்து குடிநீர்த் தொட்டியின் மூடியைப் பெயர்த்தது. தண்ணீரெல்லாம் உப்பாகிப் போனது.

வறண்ட நாக்கோடு அடுத்த குடாவில் கரையேறினார்கள். அங்கே தாழை மரத்தில் ஒரு கேன் நிறைய நல்ல தண்ணீர் தொங்கியது. கரை ஒதுங்குகிறவர்களுக்கென்று மீனவர்கள் கட்டிவைத்தது அது.

பாதியை விட்டுவிட வேண்டும் என்றாள் ஜெசிந்தா. பிச்சையா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“முழுசையும் எடுத்தா இன்னும் ரெண்டு நாள் தேடலாம், தாயி. பாதின்னா இப்பவே ஊருக்குத் திரும்பணும். ஒங்கண்ணன் முக்கியமா, மொகம் தெரியாத எவனோ முக்கியமா?”

“அண்ணன மாதிரியே தாகத்தோட ஒருத்தர் வந்தா, வெறுங்கேனத்தானே பாப்பாரு, மாமா?”

கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அவள் பாதியை மட்டும் ஊற்றி எடுத்தாள். தூரத்திலிருந்தும் தெரியட்டும் என்று தன் சிவப்புத் துப்பட்டாவை மரத்தின் உச்சியில் கட்டினாள். சிலுவை போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படகில் ஏறினாள்.

குடாவின் வாயில் அலை சீறியது. வெளியேற முடியாமல் கப்பல் காத்துக் கிடந்தது. பொழுது சாயும் நேரம். தொலைநோக்கியில் கரையைப் பார்த்த கேப்டன் கத்தினார்.

“மரத்தடியில ஆள்!”

படகு பறந்தது. கேனை மார்போடு அணைத்தபடி கிடந்தான் ரெமி. அவன் படகு பாறையில் உடைந்திருந்தது, கால் வீங்கியிருந்தது.

“சங்கு கேட்டுச்சு, பாப்பா. கத்துறதுக்குக் கொரல் வரல. செவப்பாத் தெரிஞ்ச பக்கமாவே தவழ்ந்து வந்தேன்.”

பிச்சையா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

நான்கு பேரும் சொட்டுச் சொட்டாகப் பங்கிட்டுக் குடித்து ஊர் சேர்ந்தார்கள். துறைமுகமே திரண்டு நின்றது. மாதா கோயில் மணி அடித்தது.

அடுத்த பயணத்தில் அந்த மரத்தில் புதிய கேன் ஒன்று ஏறியது. யாரையும் தொடவிடாமல் பிச்சையாவே சுமந்துபோய்க் கட்டினார். அதை யார் குடிப்பார் என்று அவருக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும்; அது போதும் அவருக்கு.