பின்கதவில் மிஞ்சியது

எல்லாம் மாறிய பிறகு இது மட்டும் ஏன் மாறவில்லை?

குழலி இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆடிக்காற்று ஜன்னலை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்த அந்தப் பட்டுக்கடை மாடியறையில் கேட்பதற்கு ஆளும் இல்லை. மானிட்டரில் திறந்திருந்த படத்தில் அவள் தம்பியின் கார் நின்றது. அரை மணி நேரத்துக்கு முன்பு வரை அரக்கு நிறம். இப்போது பச்சை. வெயில் விழும் கூரையில் தளிர்ப்பச்சையாகவும், சக்கரத்துக்கு மேல் வளையும் இடத்தில் வாழையிலையின் பின்புறம் போல மங்கலாகவும், யாரும் சந்தேகப்பட முடியாத பச்சை. பின்கதவில் கைப்பிடிக்குக் கீழே மட்டும் நகக்கண் அளவுக்கு ஒரு மஞ்சள் இருந்தது.

அது அங்கே இருக்க வழியில்லை. வண்டியின் உடம்பைச் சுற்றிக் கோடு கட்டி, நிறத்தை நகர்த்துகிற பட்டையை அவள் இழுத்திருந்தாள். இழுத்தால் கோட்டுக்குள் இருப்பதெல்லாம் சேர்ந்து நகரும். அரக்கு பச்சையாகும்போது மஞ்சள் நீலத்துக்குப் போயிருக்க வேண்டும். ஐந்து வருடமாக இதுதான் அவளுடைய வேலை. ஒரு புடவையைப் படம் பிடித்து, ஃபோட்டோஷாப்பில் அதையே பன்னிரண்டு நிறமாக்கி ஆல்பத்தில் வைப்பாள். அதைப் பார்த்து ஆர்டர் வந்த பிறகுதான் அந்த நிறத்தில் தறியில் பாவு ஏறும். இல்லாத புடவைகளை இருப்பதாகக் காட்டுவதில் அவளுக்குக் கை கூசியதே இல்லை. யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்று அதற்கு மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாள்.

இது அந்த வகைப் பொய் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள், பொழுது சாய்கிற நேரத்தில், தாமல் ஏரிக்குப் பக்கத்துச் சாலையில், வேலை முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த தையல்நாயகி என்ற பெண்ணை ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. விடிந்த பிறகுதான் பிணத்தைப் பார்த்தார்கள். ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர் தூரத்தில் அரக்கு நிறக் கார் ஒன்றைக் கண்டதாகச் சொன்னார். பேப்பரில் நான்கு வரி வந்தது, படம் வரவில்லை. டாக்ஸி ஸ்டாண்டில் இருக்கும் எல்லா டிரைவர்களையும் ஆர்.சி. புத்தகத்தோடும், வண்டியின் பழைய போட்டோ ஏதாவது இருந்தால் அதோடும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

தம்பி பரமசிவத்தின் ஆர்.சி.யில் பச்சை என்றுதான் இருந்தது. அவனுக்கு விற்றவர் அரக்கு அடித்திருந்தார், புத்தகத்தில் மாற்றவில்லை. பத்து நாளைக்கு முன்னால் அவன் வண்டியை மறுபடியும் பச்சையாக்கியிருந்தான். ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்ததுதான் என்றான். விபத்து நடந்த அன்று தென்னேரிக்குச் சவாரி போயிருந்ததாகவும், புதுப் பெயின்ட்டைப் பார்த்தால் போலீஸ் அதை நம்பாது என்றும், போன ஆயுத பூஜை அன்று அக்கா எடுத்த படத்தில் வண்டி பச்சையாக இருந்துவிட்டால் பேச்சே இல்லை என்றும் சொன்னான். “உள்ள தள்ளிட்டாங்கன்னா வெளிய எடுக்க நமக்கு யாருக்கா இருக்குறாங்க?”

யாரும் இல்லை. அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினான்கு. அன்றிலிருந்து அவனுக்கு அவள், அவளுக்கு அவன். சின்ன வயதில் உண்மை சொல்லும்போதெல்லாம் பரமசிவம் தரையைத்தான் பார்ப்பான். தென்னேரி என்று சொன்னபோது அவள் கண்ணையே பார்த்தான். அதைக் கவனிக்காததுபோலத் தனக்குத் தானே காட்டிக்கொண்டு, சரி என்று தலையாட்டியிருந்தாள்.

மஞ்சளை நான்கு மடங்கு பெரிதாக்கினாள். பாலிஷ் போட்ட கதவில் எதிரே இருப்பதெல்லாம் தெரியும். முன்கதவில் அவளே தெரிந்தாள், கேமராவை முகத்தில் ஒட்டிக்கொண்டு, இடுப்பில் வளைந்து. அவள் முதுகுக்குப் பின்னால் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர். அந்த மஞ்சள், வண்டிக்குப் போட்ட செவ்வந்தி மாலையாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். மாலை முன்பக்கம் கிடந்தது. பின்கதவில் அது விழ முடியாது. பக்கத்திலிருந்து பச்சையை எடுத்து அதன்மேல் பூசி, சேமித்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தாள். சுத்தமாக இருந்தது. எழுந்தபோதுதான் அறையில் கஞ்சி வாசனைக்கும் பாச்சை உருண்டை வாசனைக்கும் அடியில் இன்னொன்று இருப்பது தெரிந்தது. தண்ணீர் வற்றிய ஏரியின் சேற்று வாசனை. ஜன்னல் வழியாக வருகிறது என்று நினைத்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது.

மறுநாள் மதியம் படத்தைத் திறந்தாள்.

மஞ்சள் கைப்பிடியிலிருந்து கதவின் அடிவரை நீண்டிருந்தது. எது தெரியாவிட்டாலும் அவளுக்குப் புடவையைத் தெரியும். பட்டு இல்லை, நூல் புடவை, துவைத்துத் துவைத்து வெளுத்த மஞ்சள். வேகமாக நடப்பதற்காக முழங்கால்வரை தூக்கிச் செருகியது. இடதுபக்கம் மடிப்புகள் தனித்தனியாக விழாமல் தொடையோடு ஒட்டியிருந்தன. நனைந்த துணிதான் அப்படி ஒட்டும். இடுப்புக்கு மேல் கதவு முடிந்து கண்ணாடி தொடங்கியது. கண்ணாடியில் வானத்தின் வெளிச்சம் மட்டும் வெள்ளையாக அடித்தது. முகம் இருக்க வேண்டிய இடம் அது.

படம் எடுத்தது நான்தான், என்று நினைத்தாள். அன்றைக்குத் தெருவில் யாருமே இல்லை. வண்டிக்கும் கேமராவுக்கும் நடுவில் ஒருத்தி நின்றிருந்தால் படத்தில் அவள் முதுகு விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. அப்படியானால் கேமராவுக்குப் பின்னால். படத்துக்கு இந்தப் பக்கம். பார்க்கிறவர் உட்கார்ந்திருக்கிற பக்கம்.

மெதுவாகத் திரும்பினாள். இரும்பு அலமாரி, பிளாஸ்டிக் உறைக்குள் புடவைகள், சுவரில் போன வருடத்துக் காலண்டர்.

கீழே கவுன்ட்டரில் வேலை பார்க்கும் அம்சா சாப்பிடக் கூப்பிட வந்தவள், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “தம்பிக்குப் பொண்ணு பார்த்துட்டு எங்கிட்ட மூச்சு விடாம இருக்கிறியேக்கா,” என்று சிரித்தாள். “யாரு இது? வண்டியில ஏறப் போறாங்களா?”

குழலி படத்தை மூடிவிட்டாள். யாரோ வாடிக்கைக்காரர் என்றாள். அம்சா படியிறங்கிப் போன பிறகும் அந்தக் கேள்வி இறங்கவில்லை. தனக்கு மட்டும் தெரிகிற ஒன்று என்றால் கண் டாக்டரிடம் போகலாம். ஏறப் போறாங்களா? ஆம். ஒரு தோள் தாழ்ந்து, கை கைப்பிடியை நோக்கி நீண்டிருந்தது. அதை அவளும் பார்த்திருந்தாள். பார்த்ததற்குப் பெயர் வைக்காமல் இருந்தாள்.

அடுத்த நாள் காலையில், வாசலில் பரமசிவம் வண்டி கழுவுவதை ஜன்னலிலிருந்து பார்த்தாள். முன்பக்கம் ஒரு வாளி, கூரைக்கு ஒரு வாளி. பின்கதவுக்கு மூன்று. கைப்பிடியைச் சுற்றி, நகத்தால், துணியால், மறுபடி நகத்தால். அவள் காபி கொடுத்தபோது டம்ளரை வாங்கிக்கொண்டு, இன்றைக்குச் சாயங்காலமே ஸ்டேஷனில் கொடுத்தாக வேண்டும், மூன்று மணிக்குக் கடைக்கு வருகிறேன் என்றான். அவள் தலையாட்டினாள். அவனிடம் மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொன்னால் அவன் என்ன கேட்பான் என்ற பயத்தை விட, ஒன்றும் கேட்காமல் போய்விடுவானோ என்ற பயம் பெரியதாக இருந்தது.

இரண்டரை மணிக்குப் படத்தைத் திறந்தாள். பூசினாள். பூசிய இடத்தில் பச்சை ஊறி மஞ்சளாயிற்று. கதவை வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டினாள். ஒட்டிய கதவிலும் அந்தப் பெண் இருந்தாள்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. கீழே விளக்குகள் அணைந்து, யாரோ கொட்டாவி விட்டு, பிறகு அதுவும் ஓய்ந்தது. யு.பி.எஸ். மட்டும் விட்டு விட்டுக் கத்தியது. மேகம் மூடிய பகலில் அறை சாம்பலாக இருந்தது, மானிட்டர் மட்டும் வெளிச்சம்.

படியில் பரமசிவத்தின் காலடி. வெறுங்கால். பட்டுக்கடையில் எவரும் செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் மேலே வர முடியும்.

அவன் காலடிக்குப் பின்னால் இன்னொன்று.

சப். பிறகு ஒரு இழுப்பு. சப். இழுப்பு.

ஒரு காலில் செருப்பு. மற்றதில் இல்லை.

பரமசிவம் கதவருகே வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் படி காலியாக இருந்தது. மானிட்டரின் முதுகுதான் அவன் பக்கம். படம் அவனுக்குத் தெரியாது. முடிந்ததா என்று கேட்டான்.

“கதவுல கொஞ்சம் மிச்சம் இருக்குதுடா,” என்றாள். “போவ மாட்டேங்குது.”

யு.பி.எஸ். இரண்டு முறை கத்தியது.

“மஞ்சப் பொடவயா?” என்றான்.

அவள் நிறத்தைச் சொல்லவில்லை. துணி என்றுகூடச் சொல்லவில்லை. பேப்பரில் வந்த நான்கு வரியிலும் அது இல்லை. அந்த நான்கு வரியை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள்.

அவன் தரையைப் பார்த்தான். தரையைப் பார்த்தபடியே சொன்னான். தென்னேரி இல்லை, தாமல். அடித்ததும் வண்டியை நிறுத்தியதாகச் சொன்னான். கீழே கிடந்தவள் தானாகவே எழுந்ததாகவும், ஒரு செருப்பு எங்கோ போய்விட, வண்டியைப் பிடித்துக்கொண்டே பின்கதவு வரைக்கும் வந்ததாகவும். “ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போப்பான்னு கேட்டுச்சுக்கா. சண்டைகூடப் போடல. கைப்பிடிய இழுத்துக்கினே இருந்துச்சு. நான் உள்ளாற லாக் போட்டேன்.”

பிறகு அவன் வண்டியைக் கிளப்பியிருக்கிறான். கை கைப்பிடியில் இருந்தபோதே.

குழலிக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. ஆறு வயதுப் பையன் ஒருவன் காய்ச்சலில் தன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடாமல் தூங்கியது நினைவுக்கு வந்தது. அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க அவளுக்கு மனசு வந்ததே இல்லை.

அவன் மேசையைச் சுற்றி வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். திரையைப் பார்க்கவில்லை, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். சேற்று வாசனை அவனோடு வந்தது. “அதை மட்டும் அழிச்சிடுக்கா. வேற எதுவும் நான் கேட்க மாட்டேன்.”

அவள் மவுஸைப் பிடித்தாள். பின்கதவைப் பெரிதாக்கினாள்.

கதவில் தெரு இல்லை. சுற்றுச்சுவர் இல்லை. ஓர் இரும்பு அலமாரி. காலண்டர். நாற்காலியில் ஒருத்தி, முகத்தில் நீல வெளிச்சம். அவளுக்குப் பின்னால் ஜன்னலைப் பார்த்து நிற்கும் ஒருவன்.

அவனை ஒட்டி, மஞ்சள்.

அவள் திரும்பவில்லை. ஒரே நிறத்தைத் தேர்ந்தெடுக்கிற கருவியை மஞ்சளின் நடுவில் வைத்து ஒருமுறை அழுத்தினாள். தேர்ந்தெடுத்ததைக் காட்டும் புள்ளிக்கோடு எறும்புபோல ஊர்ந்து கிளம்பியது. நனைந்த மடிப்பில் ஏறியது. தாழ்ந்த தோளைச் சுற்றியது. கையோடு நீண்டது. கை அவன் தோளில் இருந்தது. கோடு அங்கே நிற்கவில்லை. அவன் சட்டையில் ஏறி, தலையைச் சுற்றி, முதுகில் இறங்கி, அவன் காலிலிருந்து மஞ்சள் புடவைக்காரியின் காலுக்குப் போய் மூடிக்கொண்டது.

மறுபடி அழுத்தினாள். அதே கோடு. மறுபடி. அதே கோடு. இரண்டு பேருக்கும் ஒன்று. நடுவில் பிரிவே இல்லை.

அழிக்கும் பொத்தானுக்கு மேலே அவள் விரல் நின்றது.

பின்னால் பரமசிவம் ஒரு பக்கத் தோளைக் குலுக்கிக்கொண்டான், ஏதோ உட்கார்ந்ததுபோல. கதவில் தெரிந்த கை அவன் தோளிலிருந்து விலகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுந்தியது.

“அழிக்கா,” என்றான். “எதுக்கு நிக்கிற?”

யு.பி.எஸ். இப்போது விடாமல் கத்திக்கொண்டிருந்தது. குழலி மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“மாட்டேன்பா,” என்றாள்.