விளிம்பு வரை ஊற்றிய தேநீர்

டோக்மோக் நகரில் எங்கள் குடியிருப்பின் நிலவறையில் ஒரு மேசைப்பந்து அறை உண்டு. தொற்றுநோய் வந்தபோது அதைப் பூட்டினார்கள். முகக்கவசம் அணிந்த ஒரு மனிதரின் படத்தையும் கதவில் ஒட்டினார்கள். நாளடைவில் படம் மஞ்சளாயிற்று, ஓரங்கள் சுருண்டன, யாரோ ஒருவர் அந்த மனிதருக்குக் கவசத்தின் மீதே மீசையும் வரைந்துவிட்டார். பூட்டு மட்டும் அப்படியே தொங்கியது.

மறு ஆண்டின் ஆகஸ்ட் மாதம் வந்தது. தடுப்பூசி போட்டுக்கொள்வோரின் தொகை வாரந்தோறும் ஏறியது. சந்தை திறந்தது; தேநீர்க் கடைகள் திறந்தன; மினிபஸ்களில் மக்கள் பழையபடி நின்றுகொண்டே பயணம் செய்தார்கள். நிலவறை மட்டும் ஏன் திறக்கவில்லை என்பது பத்து வயது ஜிபேக்குக்கு விளங்கவில்லை. பள்ளி தொடங்குவதற்கு முன் சில நாட்களாவது ஆட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. மேல்வீட்டு எலாமானை ஒருமுறையாவது தோற்கடிக்க வேண்டும் என்பது அந்த ஆசைக்குள் இருந்த இன்னோர் ஆசை.

அறையைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை குடியிருப்போர் ஜிபேக்கின் வீட்டில் கூடினர். அவளுடைய அம்மா ரக்காத், குடியிருப்பின் தலைவி. அறையின் சாவியும் அவரிடமே இருந்தது.

எலாமானின் தந்தை மிர்லான் மினிபஸ் ஓட்டுநர். அவர் சட்டைக் கையைச் சுருட்டி, ஊசி போட்ட இடத்தை எல்லாருக்கும் காட்டினார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஊசி போட்ட பிறகும் பூட்டு தொங்கும் என்றால் ஊசி எதற்கு என்று அவர் கேட்டார். ஊசி போட்டுக்கொண்டவர்களின் பிள்ளைகளை மட்டும் உள்ளே விடலாம் என்றார் ஒருவர். வாசலில் நின்றுகொண்டு யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பது யார் என்று மற்றொருவர் கேட்டார். புதிய வகை நோய் ஒன்று பரவுகிறதாம், பனிக்காலம் வரை பொறுக்கலாம் என்று வேறொருவர் சொன்னார். அப்படிச் சொன்னவர் சந்தையில் கவசமில்லாமல் முலாம்பழம் பொறுக்கியதைப் பார்த்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லவே, பேச்சு சற்று நேரம் முலாம்பழத்தைச் சுற்றியே நடந்தது.

புருல் எஜே மட்டும் திறந்த ஜன்னலின் அருகே, கவசத்தைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். எஜே என்றால் எங்கள் ஊரில் அக்கா. அவர் தரைத்தளத்தில் தனியாக வாழ்பவர். நிலவறைக்கு இறங்கும் படிகள் அவருடைய கதவுக்கு நேர் எதிரே தொடங்குகின்றன. சென்ற ஆண்டு ஜூலையில் அவரைத் தூக்குப்படுக்கையில் கொண்டு சென்றதை எல்லாரும் ஜன்னல்களில் நின்று பார்த்தார்கள். உயிர் பிழைத்து வந்தார். ஆனால் பழைய நுரையீரலோடு வரவில்லை. அவருக்கு ஊசி போடுவதை மருத்துவர் தள்ளி வைத்திருந்தார்.

"நான் திறக்கவே கூடாதுன்னு சொல்லல. புள்ளைங்க கத்திக்கிட்டே என் கதவை ஒட்டித்தான் எறங்கணும். படிக்கட்டுல ஒரு ஜன்னல்கூட இல்ல. அந்தக் காத்து எங்க போகும்? என் வீட்டுக்குள்ளதான் வரும்."

"அதுக்காக நாங்க கிழவனாகுற வரைக்கும் பூட்டியே வைக்கணுமா எஜே?" என்றார் மிர்லான்.

"நீ ஏற்கனவே ஆயிட்டப்பா. உன் வீட்டுல சொல்லலையா?"

எல்லாரும் சிரித்தார்கள். மிர்லானும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தேநீர் வந்தது.

தேநீர் ஊற்றுவது ஜிபேக்கின் பொறுப்பு. பெரியவர்கள் விரிப்பைச் சுற்றி அமர்ந்திருந்தனர். அவள் கெண்டியின் அருகே இருந்தாள். ஊற்றிய கிண்ணம் கை மாறிக் கை மாறி உரியவரைச் சேரும். காலியானதும் அதே வழியாகத் திரும்பி வரும். அவள் வழக்கப்படி ஒவ்வொரு கிண்ணத்திலும் பாதிக்கும் குறைவாகவே பால்தேநீர் ஊற்றி அனுப்பினாள்.

புருல் எஜேயின் முறை வந்தபோது அவள் கை நின்றது. ஜன்னல் வரை அந்தக் கிண்ணம் எத்தனை பேருடைய விரல்களைத் தாண்டிப் போக வேண்டும் என்று அவள் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அத்தனை விரல்களா? ஒரே தடவையில் நிறைய ஊற்றிவிட்டால், அது திரும்பத் திரும்ப அலைய வேண்டாமே. தன் யோசனை அவளுக்கே பிடித்துப் போயிற்று. கிண்ணத்தின் விளிம்பு வரை ஊற்றி, யாரிடமும் தராமல், தானே கவனமாக ஏந்திச் சென்று எஜேயின் முன் வைத்தாள்.

புருல் எஜே கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு ஜிபேக்கைப் பார்த்தார். தேநீர் விளிம்பில் தளும்பி நின்றது. அவர் அதைத் தொடவில்லை. இரு கைகளாலும் முகத்தைத் தடவி, விருந்து முடிந்தாற்போல் வணங்கி எழுந்தார்.

"அடுப்புல ரொட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பின்பு யாரோ தொண்டையைச் செருமி, சரி, கை தூக்கிப் பார்த்துவிடலாம் என்றார். கைகள் உயர்ந்தன. அறையைத் திறப்பது என்று முடிவாயிற்று.

புறப்படும்போது மிர்லான் ஜிபேக்கின் தலையைத் தட்டினார்.

"கெட்டிக்காரி. நாங்க இவ்வளவு நேரம் பேசியும் முடியாததை நீ ஒரே கிண்ணத்துல முடிச்சுட்டியே."

அப்போதுதான் ஜிபேக்குக்கு உறைத்தது. பாதிக் கிண்ணம் தந்தால், 'இன்னும் இருங்கள், இன்னும் ஊற்றுகிறேன்' என்று பொருள். முழுக் கிண்ணம் தந்தால், 'குடித்துவிட்டுக் கிளம்புங்கள்' என்று பொருள். இது எங்கள் ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். ஜிபேக்குக்கும் தெரிந்ததுதான். விரல்களையும் நோயையும் நினைத்த அவசரத்தில், தெரிந்தது நினைவுக்கு வராமற் போயிற்று.

மறுநாள் காலை அம்மா அறையைத் திறந்துவிட்டார். பிள்ளைகள் கூச்சலிட்டபடி படிகளில் இறங்கினார்கள். எலாமான் மட்டையைச் சுழற்றிக்கொண்டே ஜிபேக்கை அழைத்தான். அவளும் ஓடினாள். ஆனால் நிலவறைக்கு இறங்கும் படிகளுக்கு முன் நின்றுவிட்டாள்.

புருல் எஜேயின் கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியில் ஓர் ஈரத்துண்டு சுருட்டித் திணிக்கப்பட்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளிருந்து யாரோ அதை இன்னும் நெருக்கமாகத் தள்ளினார்கள்.

ஜிபேக் கவசத்தைச் சரிசெய்துகொண்டு கதவைத் தட்டினாள்.

"வீட்டுல யாரும் இல்ல" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"எஜே, நான் ஜிபேக். நேத்து நான் உங்களைப் போகச் சொல்லல. கிண்ணம் எல்லார் கையிலயும் பட்டு வருதேன்னு ஒரே தடவையா ஊத்திட்டேன். சத்தியமா அவ்வளவுதான்."

கதவுக்குப் பின்னால் மூச்சு வாங்கும் ஒலி கேட்டது.

"புரியுது" என்றார் புருல் எஜே. "கிண்ணத்தை நெறச்சது நீ. ஆனா நான் எந்திரிச்சப்ப, உக்காருன்னு ஒரு வாய்கூட சொல்லலையே. அந்த வாயெல்லாம் உன்னோடதா? போ. போய் விளையாடு."

கதவு திறக்கவில்லை.

ஜிபேக் விளையாடப் போகவில்லை. அம்மாவிடம் சென்று, மறுபடியும் கூடிப் பேச வேண்டும் என்றாள். கை தூக்கி முடிவு செய்ததை மாற்றினால் ஊர் சிரிக்கும் என்று அம்மா சொன்னார். சொல்லும்போது அவர் சாவியைப் பார்த்தாரே தவிர மகளைப் பார்க்கவில்லை. அவரும் நேற்று, உட்காருங்கள் என்று சொல்லாதவர்தானே.

எனவே ஜிபேக் தானே மாடி மாடியாக ஏறினாள். ஒவ்வொரு கதவிலும் ஒரே செய்தியைச் சொன்னாள்: தேநீரைத் தவறாக ஊற்றியது தான் என்றும், புருல் எஜே இன்னும் பேசி முடிக்கவில்லை என்றும். சிலர் சிரித்தனர். சிலர், சின்னப் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று கதவை மூடினர். சிலர் தம் காலணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றனர்.

மிர்லான் பாதி முகத்தில் சவரநுரையோடு கதவைத் திறந்தார். அவள் சொன்னதை முழுதும் கேட்டார்.

"நீ வேணும்னு ஊத்தலைன்னு எனக்கு அப்பவே தெரியும் பாப்பா. உன் மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சுது."

"அப்போ ஏன் சொல்லல, பைக்கே?" என்று கேட்டாள். வயதில் மூத்த ஆண்களை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்போம்.

மிர்லான் நுரையைத் துடைத்தார். துடைக்க வேண்டியதற்கு மேலும் துடைத்தார்.

"அவங்க போனது எனக்கு வசதியா இருந்துச்சு" என்றார்.

அன்று மாலை குடியிருப்போர் முற்றத்தில், புருல் எஜேயின் ஜன்னலுக்குக் கீழே நின்று கூடினர். எல்லாரும் வரவில்லை. வந்தவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. புருல் எஜே ஜன்னலைத் திறந்து, சொல்ல விரும்பியதைச் சொல்லி முடித்தார். ஊசி போட மருத்துவர் ஒப்புக்கொள்ளும் வரையில் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதே அது. அவ்வளவு சிறிய வேண்டுகோளா என்று சிலர் வியந்தனர். அதைக் கேட்க நேற்று அவர்களுக்குப் பொறுமை இருக்கவில்லை.

அதுவரை அறையை மறுபடியும் பூட்டி வைப்பது என்று முடிவாயிற்று. எலாமானுக்குக் கோபம் வந்தது. ஒரே ஒருவருக்காக இத்தனை பேர் சும்மா இருப்பதா என்று கேட்டான். ஜிபேக்கும் அந்த இத்தனை பேரில் ஒருத்திதான். ஆனால் மேசை கால் மடங்கும் மேசை என்பது அவளுக்கு நினைவு வந்தது.

"அறையைத்தானே பூட்டணும்?" என்றாள். "மேசையை வெளியே கொண்டு வந்துட்டா?"

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தனர். இத்தனை மாதங்களாக இது யாருக்கும் தோன்றவில்லை. மிர்லான் சட்டைக் கையைச் சுருட்டினார். இம்முறை ஊசியைக் காட்டுவதற்காக அன்று. இன்னும் மூவரோடு சேர்ந்து மேசையை மேலே தூக்கி வந்தார். அம்மா அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டார்.

வெளியில் ஆடுவது எளிதாக இல்லை. மலைப்பக்கத்திலிருந்து வீசிய காற்று முதல் பந்தை மினிபஸ்ஸின் அடியில் கொண்டு சேர்த்தது. இரண்டாவது பந்து எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை. பிறகு பிள்ளைகள் வீடுகளிலிருந்து கம்பளங்களைக் கொண்டு வந்து, கம்பளம் தட்டும் இரும்புக் கம்பிகளில் தொங்கவிட்டார்கள். காற்று சற்றுத் தணிந்தது. பந்து மட்டும் நினைத்த இடத்துக்கு எப்போதும் போகவில்லை. மழை பெய்த நாட்களில் ஆட்டமே இல்லை.

அந்த வாரம் அம்மா புருல் எஜேயை நேரில் சென்று தேநீருக்கு அழைத்தார். பார்க்கலாம் என்று புருல் எஜே கதவுக்கு உள்ளிருந்து சொன்னார். வரவில்லை. ஜிபேக்கும் அழைத்தாள். அப்போதும் வரவில்லை. மன்னித்துவிட்டாரா என்று கேட்க அவளுக்குத் துணிவில்லை. ஒருமுறை எழுந்து போனவரைத் திரும்ப உட்கார வைப்பது எவ்வளவு கடினம் என்பதை அவள் கொஞ்சம் கொஞ்சமாக அறிந்துகொண்டாள்.

பள்ளி தொடங்குவதற்கு முந்தைய நாள், ஜிபேக் எலாமானோடு ஆடினாள். ஆட்டம் சமநிலையில் இருந்தது. சுற்றைத் தொடங்க அவள் போட்ட பந்து வலையின் மேல்விளிம்பை மெல்ல உரசிவிட்டு அப்பால் விழுந்தது. எலாமானின் மட்டை அதைத் தவறவிட்டது; பந்து வெளியே உருண்டது. உடனே அவன், அவள் போட்டது தவறு, புள்ளி தனக்குத்தான் என்றான். இல்லை, தனக்குத்தான் என்றாள் ஜிபேக். இருவரும் விடுவதாக இல்லை.

"வலையைத் தொட்டுட்டுப் போச்சு" என்றது ஜன்னல் பக்கமிருந்து ஒரு குரல். "அது யாருக்கும் கணக்கு இல்ல."

புருல் எஜே ஜன்னலில் கையூன்றி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"அங்கேருந்து அவ்வளவு நல்லா தெரியுதா எஜே?" என்று எலாமான் குத்தலாகக் கேட்டான்.

"கெட்டுப்போனது என் நுரையீரல்டா, கண்ணு இல்ல. ஜிபேக், மறுபடியும் போடு."

ஜிபேக் பந்தை எடுத்துத் துடைத்து, மறுபடியும் போட்டாள்.