பால்மரம் சிவந்த மாதம்

கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, மரத்தோடு மரமாக ஒருவன் நின்றிருந்தான்.

பவுனம்மாள் சட்டென்று நின்றாள். ஒரு கையில் ரப்பர்ப் பால் வாளி... மறு கையில் மரப்பட்டை சீவும் கத்தி.

“யாரு அது? தலைய வெளிய எடுங்க!”

துணி அசைந்தது. கலைந்த தலைமுடியும், வெயிலில் கூசும் இரண்டு கண்களும் வெளியே வந்தன. நல்ல கண்கள்... அதனாலேயே அவளுக்குச் சந்தேகம் கூடியது.

“பயப்படாதையுங்கோ... படம் பிடிக்க வந்தனான்.”

யாழ்ப்பாணத்துப் பேச்சு! தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிமார் பேச்சு. அவள் கத்தியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

காரணம் இருந்தது. அந்த வருஷம் ரப்பர் விலை அடியோடு விழுந்துவிட்டது. ஜெஞ்சாரோமைச் சுற்றியிருந்த தோட்டங்களில் வேலைக்கு ஆகாதவர்கள் என்று ஆட்களைப் பொறுக்கி, நாகப்பட்டினத்துக்கே திருப்பிக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அப்பா நாகையாவுக்கு ஓயாத இருமல். அவளுக்கு அவரைவிட்டால் வேறு யாரும் இல்லை. நோயாளிகளைப் படம் பிடித்துவர ஆபீஸ் அனுப்பிய ஆளாக இவன் இருந்தால்?

“யாரப் படம் புடிக்க வந்தீங்க?”

“இலையை.”

“எலையையா?” அவள் சிரிக்கவில்லை. “புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?”

“உண்மைதான். வெயில் இப்பிடியே அடிச்சால் இந்தக் காடு முழுக்கச் செம்பு நிறமாப் போகும். இடையிலை மழை பெஞ்சால் எல்லாம் கறுத்து அழுகிப்போயிடும். கடைசியா இங்கை எப்ப மழை பெஞ்சது?”

“உங்க பொட்டியில கறுப்பும் வெள்ளையுந்தானே விழும்? செவப்பு எதுக்கு?”

அவன் வியந்து பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து பழுத்த இலைகளை அள்ளிக் காட்டினான். பெயர் முத்துக்குமாருவாம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு படக்கடையில் வேலையாம். படத்தைக் கழுவி எடுத்தபின் தூரிகையால் நிறம் ஏற்றுவானாம். அதற்குத்தான் இந்த இலைகளாம்.

‘எல்லாத்துக்கும் பதில் தயாரா வச்சிருக்கானே...’ என்று நினைத்தாள் பவுனம்மாள்.

“எலை கொட்டுனா பால் இல்ல. பால் இல்லேன்னா எங்களுக்கு வேல இல்ல. இதுல உங்களுக்கு அழகு கேக்குதா?”

அவன் முகம் வாடியது. “அதை நான் யோசிக்கேல்லை...” என்றான் மெல்ல.

அந்த வாட்டம் அவளை என்னவோ செய்தது. நடிப்பாகவும் இருக்கலாம்!

ஒவ்வொரு ஞாயிறும் அவன் வந்தான். தலைக்கு மேலே மஞ்சள் ஆரஞ்சாகி, ஆரஞ்சு செம்பாகி, காடே தீப்பிடித்ததுபோல் நின்றது. அவள் மரங்களுக்குப் பின்னால் மறைந்து அவனை வேவு பார்த்தாள். அவன் தும்மினால்கூடச் சந்தேகம். ஆனால் அவன் வரத் தாமதமானால், ஏனோ பாதையையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்...

அன்றொரு ஞாயிறு. படப்பெட்டி திரும்பியிருந்த திசையைப் பார்த்ததும் அவளுக்கு ரத்தம் கொதித்தது. அங்கே நாகையா ஒரு மரத்தடியில் குந்தி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார்.

பாய்ந்து போனாள். பெட்டியிலிருந்த கண்ணாடித் தகட்டை உருவி வெயிலில் காட்டினாள். பக்கத்தில் அடுக்கியிருந்த மற்றவற்றையும் திறந்து கொட்டினாள். வெளிச்சம் பட்டு, அவன் பல நாள் எடுத்த படமெல்லாம் ஒரு நொடியில் பாழ்.

“எங்கப்பாவக் காட்டிக் குடுக்கத்தானே வந்தீங்க! இனிமே இந்தத் தோட்டத்துல கால வைக்காதீங்க!”

அவன் கோபப்படவில்லை. வெறும் தகடுகளைக் குனிந்து பொறுக்கினான்.

“அவருக்கு மேலை இருந்த கிளையைத்தான் எடுத்தனான்...” என்றான். போய்விட்டான்.

அன்று மாலையே மழை கொட்டியது. சிவந்த இலைகளெல்லாம் சேற்றில் கிடந்தன.

அடுத்த வாரம், காலையில் பேர் கூப்பிடும் பிரட்டில் ஆட்களைப் பொறுக்கினார்கள். துரை வரிசையாக நின்றவர்களைப் பார்த்து விரலை நீட்டினார், அவ்வளவுதான். படமும் இல்லை, பெட்டியும் இல்லை. நாகையாவைக் கப்பலுக்குப் பொறுக்காமல், புல் வெட்டப் போகச் சொன்னார்கள். பவுனம்மாளுக்கு உயிர் வந்தது... கூடவே நெஞ்சில் ஒரு முள்ளும் ஏறியது.

ஞாயிறுகள் வந்தன. அவன் வரவில்லை.

மழைக்குத் தப்பிய கீழ்க்காட்டு மரங்கள் தாமதமாகப் பழுக்கத் தொடங்கிய ஒரு காலையில், அவள் பஸ் ஏறிக் கிள்ளானுக்கு வந்து, அங்கிருந்து ரயில் பிடித்தாள். பிரிக்பீல்ட்ஸில் விசாரித்து விசாரித்துப் படக்கடையைக் கண்டுபிடித்தாள்.

உள்ளே முத்துக்குமாரு ஓர் அழகியின் படத்துக்குக் கன்னச் சிவப்பு ஏற்றிக்கொண்டிருந்தான்.

“யாரு இவங்க?”

தூரிகை கையிலிருந்து விழுந்தது. “நீங்களோ... இது... தபால் கந்தோர் ஐயான்ரை பெஞ்சாதி!”

“சரி.” அவள் தரையைப் பார்த்தாள். “நான் செஞ்சது தப்பு. கீழ்க்காட்டு மரமெல்லாம் இப்பத்தான் செவக்குது. காத்து கெளம்புனா ஒரே நாள்ல கொட்டிரும். சீக்கிரம் வந்து எடுத்துக்குங்க.”

“இலையைப் பற்றிச் சொல்லவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?”

“ஆமா.”

“உண்மையாவோ?”

அவள் குனிந்து, விழுந்து கிடந்த தூரிகையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“...இல்ல.”

அவன் கண்கள் மலர்ந்தன. “நீங்கள் தகட்டைக் கொட்டின அண்டைக்கே அம்மாவிட்டைச் சொல்லிப்போட்டன். கட்டினால் அந்தக் கத்திக்காரப் பிள்ளையைத்தான் எண்டு. தோட்டத்துப் பெட்டையோ எண்டு கேட்டவ... அதோடை என்னோடை கதைக்கிறேல்லை. சோறு மட்டும் போடுறா.”

“பொய்!”

“சத்தியமா.”

“அப்ப ஏன் வரல?”

“நீங்கள்தானே வராதையுங்கோ எண்டனீங்கள்.”

“சொன்னா... வராம இருந்துருவீங்களா?” அவள் குரல் உடைந்தது. “ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் பாதையப் பாத்துப் பாத்து... எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. போதுமா?”

அவன் ஓர் அடி முன்னால் வந்தான். பிறகு குறும்பாகக் கேட்டான், “இதை எப்பிடி நான் நம்புறது?”

பவுனம்மாள் முதன்முறையாக அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

“சந்தேகமா இருந்தா எங்கப்பாவக் கேளுங்க. அவருகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன்.”