தண்ணீருக்கு மேலே ஒரு கை

காலடிப்பேட்டையில் ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ராசையாவின் அலுவலகம். முப்பது வருடம் கையெழுத்து ஆய்வில் கழித்தவர், எதற்கும் பதறமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பதற உதவியாளர் ஜெஸ்லின் இருந்தாள்.

உதவி கேட்டு வந்த மெஹ்னாஸ் மேஜைமேல் நான்கு தாள்களைப் பரப்பினாள்.

"எங்கண்ணன் சுஹைப் வரைஞ்சது சார். போன வருஷம் எண்ணூர்ல படகுல போனாரு, உடம்பே கெடைக்கல. தோஸ்து தவ்ஃபீக் கரையிலயே நின்னுட்டாராம். இப்ப வெள்ளிக்கிழமையானா கதவுக்கடியில இது கீது. அம்மா தெனமும் அண்ணனுக்குச் சோத்துத் தட்டு வெச்சுகினு கீறாங்க, செத்தவங்களுக்குப் பண்ற ஜனாஸா தொழுகைக்கு ஒத்துக்கவே மாட்றாங்க. அண்ணன் உயிரோட கீறாரா?"

நான்கிலும் ஒரே படம்தான். கரித்துண்டை எடுக்காமல் இழுத்த ஒரே கோட்டில், விரல் விரித்த ஒரு கை. மணிக்கட்டில் சட்டை விளிம்புபோல ஒரு நெளிகோடு தாளின் இரு ஓரங்களுக்கும் ஓடியது.

"கோடு தடுமாறுது" என்றார் ராசையா.

ஜெஸ்லின் கரித்தடத்தைக் கண்டுவிட்டாள். "சார், இடக்கை உரசின தடம்!"

"அண்ணன் பீச்சாங்கைக்காரரு!" என்று மெஹ்னாஸ் அழுதாள். ஜெஸ்லின் தாளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். செத்தவன் வந்து வரைகிறானா?

சுஹைபும் தவ்ஃபீக்கும் சேர்ந்து படம் வரைந்த ராயபுரம் அறைக்கு ராசையாவும் ஜெஸ்லினும் போனார்கள். சுவரில் சுஹைப் எழுதிய விதிகள் அப்படியே இருந்தன: தாளைப் பார்க்காதே. கரியை எடுக்காதே. பழகாத கையால் மட்டும் வரை.

மறுநாள் காலை, ராசையா சொல்லியனுப்ப, மெஹ்னாஸ் வீட்டுக்குத் தவ்ஃபீக்கும் வந்தான். திரைக்குப் பின்னால் தாய் காத்தூன் பீவி இருந்தார்.

"இடக்கைன்னதும் சுஹைபுன்னு நினைச்சோம்" என்றார் ராசையா. "விதிப்படி பாத்தா, சுஹைப் வலக்கையாலதானே வரையணும்?"

"விதியை மீறியிருந்தா?" என்றாள் ஜெஸ்லின், விடாமல்.

"அப்போ கோடு தடுமாறாது. இது பழகாத கை. வரைஞ்சவர் வலக்கைக்காரர், விதி தெரிஞ்சவர். அந்த நெளிகோடு சட்டையில்ல, தண்ணி. மேலேயிருந்து, படகுக்குள்ள நின்னு பாத்த காட்சி. நீங்க கரையில நிக்கல, தவ்ஃபீக்."

தவ்ஃபீக் தரையில் உட்கார்ந்தான்.

"அலையில வுழுந்துட்டான் சார். கைய நீட்டினான். நான் பயத்துல படகு வெளிம்பையே புடிச்சுகினு இருந்துட்டேன். இன்னா வரைய ஒக்காந்தாலும் அந்தக் கைதான் வருது. வாயால சொல்ல முடியல, அதான் கொணாந்து வெச்சேன்."

திரை விலகியது.

"எம்புள்ள கையாட்டிக் கூப்புட்றான்னு நெனச்சேனே" என்றார் காத்தூன் பீவி. வெகுநேரம் தாள்களையே பார்த்தார். "மெஹ்னாஸ், அந்தத் தட்டக் கழுவி உள்ள வை. பள்ளிவாசலுக்குச் சொல்லி அனுப்பு."

மெஹ்னாஸ் விம்மிக்கொண்டே தட்டை எடுத்தாள். ஜெஸ்லின் தவ்ஃபீக்கைப் பார்த்தாள். தலை கவிழ்ந்து, கண் மூடியிருந்தான். அவனுடைய இடக்கை விரல் மட்டும் தரையை விட்டு எழாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஐந்தாவது விரலை வரைந்து முடித்துவிட்டு, மறுபடியும் மணிக்கட்டுக்கு வந்தது.