முதலில் பெல்ட்... அப்புறம் கொலை!

காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

அசைவே இல்லை!

ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றவனுக்குத் திக்கென்றது. 'நமக்கு முன்னாடியே எவனாவது வந்து முடிச்சிட்டானா...?'

தொழிலில் அவனுக்குச் 'சாந்தம்' என்று பெயர். கூலிக்குக் கொலை செய்பவன். குரலை உயர்த்த மாட்டான். அவசரப்பட மாட்டான். ஒரு தடவைகூடப் போலீசில் மாட்டியதில்லை.

இன்றைய வேலை, இந்த ஒர்க்‌ஷாப்பின் முதலாளியம்மா. ஊருக்கு வெளியே தனிக் கட்டடம். வார விடுமுறை. வேலையாட்கள் யாருமில்லை.

பூனை நடை நடந்து நெருங்கினான். குனிந்தான்.

"யாரது? அந்தப் பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனரை இப்படித் தள்ளுங்க!"

பிணம் பேசியது!

ஸ்பேனர் போனது. அந்தம்மா வெளியே வந்தாள். ஐம்பது வயது. கன்னமெல்லாம் கிரீஸ்.

"கண்ணசந்துட்டேன் போலிருக்கு. அடியில நல்லா குளுகுளுன்னு இருக்கும். என்ன தம்பி, லீவு நாள்ல?"

"வண்டியில ஏதோ சத்தம் வருதுக்கா."

பொய்தான். பானெட்டைத் திறந்து அவள் குனிவாள். பின்னந்தலை தெரியும். ஒரே குண்டு!

குனிந்தாள். அவன் கை சட்டைக்கு அடியில், இடுப்புக்குப் போனது...

"அடக் கடவுளே!"

கை நின்றது.

"சத்தம் கிடக்கட்டும். டைமிங் பெல்ட் எப்ப மாத்தினீங்க?"

"அப்படின்னா?"

"சரியாப் போச்சு!" இன்ஜினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிக் காட்டினாள். "இந்த ரப்பர் பட்டை. உள்ள வால்வும் பிஸ்டனும் மாமியார் மருமக மாதிரி. ஒண்ணு வந்தா இன்னொண்ணு ஒதுங்கிடணும். அதுங்களை மோதவிடாம வெச்சிருக்கிறதே இதுதான். ஓடுறப்ப அறுந்துச்சு... மோதி மொத்த இன்ஜினும் காலி!"

"எப்ப அறுந்துபோகும்?"

"சொல்லிட்டு அறுந்தா பரவாயில்லையே! முக்காவாசி நேரம் சத்தமும் வராது, விளக்கும் எரியாது. ஓடின தூரம், ஆன வருஷம் ரெண்டையும் பார்த்து நாமளாத்தான் மாத்தணும். எப்ப வாங்கின வண்டி?"

"செகண்ட் ஹேண்டுக்கா. முன்னாடி வெச்சிருந்தவங்க மாத்தினாங்களான்னு தெரியாது."

"தெரியலைன்னா மாத்தலைன்னுதான் அர்த்தம். பாருங்க... வெடிப்பு. ஒரு பல்லே பாதி காணோம். நீங்க பாலம் தாண்டினா அதிசயம்!"

பாலம்!

சாந்தத்துக்கு வேர்த்தது. இங்கிருந்து தப்பிக்க அந்த நீளப் பாலத்தை விட்டால் வேறு வழி கிடையாது. கொலையும் பண்ணிவிட்டு, நட்டநடுப் பாலத்தில் வண்டியும் நின்றால்...?

"மாத்திடுங்கக்கா!" என்றான் அவசரமாக. வாழ்க்கையில் முதல் அவசரம்.

"உங்க நல்ல நேரம், இதே மாடலுக்கு ஒரு பெல்ட் இருக்கு. என் கொழுந்தனார் வண்டிக்குன்னு வாங்கி வெச்சேன். 'அடுத்த மாசம் அண்ணி'ன்னே ஒரு வருஷத்தை ஓட்டிட்டார்."

சாந்தம் சிரிப்பை விழுங்கினான். அவனை அனுப்பியதே அந்தக் கொழுந்தன்தான்! இறந்துபோன அண்ணனின் இந்த இடத்தை அண்ணி விற்க மறுக்கிறாள். அவள் போய்விட்டால் இடம் தனக்கு. கொலை நடக்கும்போது தான் ஊரிலேயே இல்லை என்று காட்ட, இப்போது வெளியூருக்குக் காரில் போய்க்கொண்டிருக்கிறார் மனிதர்.

வேலை ஆரம்பமானது. கொலைகாரன் டார்ச் பிடித்தான். சாக வேண்டியவள் போல்ட் கழற்றினாள்.

"சாப்பிட்டீங்களா தம்பி?"

"இல்லக்கா... வேலை முடிச்சிட்டுத்தான் சாப்பிடுவேன்."

"பசியோட என்ன வேலை?" கை கழுவிவிட்டு வந்து, தன் டப்பாவில் இருந்ததைச் சரிபாதி பிரித்து மூடியில் வைத்து நீட்டினாள். மறுக்க முடியவில்லை. சாப்பிட்டான்.

பழைய பெல்ட் வெளியே வந்தது. டார்ச்சோடு அவன் இன்னும் குனிந்தான்...

டங்!

இடுப்பிலிருந்து துப்பாக்கி நழுவி அவள் காலடியில் விழுந்தது!

அவள் பார்த்தாள். ஒரே நிமிடம்தான். எடுத்தாள். பழைய துணியால் துடைத்தாள். நீட்டினாள்.

"உங்க பொருள் தம்பி."

அவன் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான்.

"யார் அனுப்பினாங்கன்னு கேக்க மாட்டேன். இடத்தை வித்துடுன்னு என்னை நச்சரிக்கிறது உலகத்துல ஒரே ஆள்தான்."

"கத்தலையாக்கா...?"

"கத்தினா யாருக்குக் கேக்கும்? நகருங்க, வெளிச்சம் மறைக்குது."

புது பெல்ட்டைப் பிரித்தாள்.

"அக்கா... இதை ஒரு பல்லு தள்ளி மாட்டினா என்ன ஆகும்?"

"வண்டி சரியா ஓடாது. நீங்க மாட்டிக்குவீங்க."

"அப்ப மாட்டிவிட வேண்டியதுதானே!"

"இந்த வண்டியில வேற யார் வருவாங்க?"

"என் பொண்ணு. ஸ்கூலுக்கு."

"அப்புறம் எப்படித் தப்பா மாட்டறது?" அவள் நிமிரவே இல்லை. "நீங்க செய்யப்போறதுக்கு நீங்க கடவுள்கிட்ட பதில் சொல்லிக்குங்க. என் வேலைக்கு நான் சொல்லிக்கிறேன்."

பல்சக்கரத்தில் இருந்த குறி பார்த்துப் பொருத்தினாள். கையாலேயே சுற்றிச் சரிபார்த்தாள். மறுபடியும் சுற்றினாள். மூடியை மாட்டி, சாவியைத் திருகினாள்.

இன்ஜின் குழந்தை மூச்சு மாதிரி ஓடியது!

அணைத்துவிட்டு, எதிரே வந்து நின்று கண்களை மூடிக்கொண்டாள். உதடுகள் ஏதோ முணுமுணுத்தன.

"என் வேலை முடிஞ்சது தம்பி. உங்க வேலையைப் பாருங்க."

சாந்தம் துப்பாக்கியைத் தூக்கினான். கனத்தது. இதற்கு முன் ஒருநாளும் இப்படிக் கனத்ததில்லை...

ட்ரிங்... ட்ரிங்...!

பெஞ்சின் மேல் அவளுடைய போன்!

"என் கையெல்லாம் கிரீஸு. கொஞ்சம் ஸ்பீக்கர்ல போடுங்க தம்பி."

ஒரு கையில் துப்பாக்கி, மறு கையால் போட்டான்.

"அண்ணி! அண்ணி! நான்தான்! வண்டி டப்புன்னு நின்னுடுச்சு! பாலத்துக்கு நடுவுல! பின்னாடி ஒரு மைல் நீளத்துக்கு ஹாரன் அடிக்கிறானுங்க, இன்ஸ்பெக்டர் வேற திட்டறார்! சீக்கிரம் வாங்க அண்ணி!"

கொழுந்தன்!

வண்டி நின்றால் அண்ணிக்குப் போன் போடுவது அவருடைய பல வருஷப் பழக்கம். மூளை யோசிக்கும் முன் விரல் நம்பரை அழுத்திவிட்டது. யாரைக் கொல்லச் சொன்னோமோ அவளிடமே ஒத்தாசை கேட்கிறோம் என்பது பேசி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"அ... அண்ணி... நீங்களா பேசறது? நீங்க... நல்லா... இருக்கீங்களா?"

"இந்த நிமிஷம் வரைக்கும் நல்லாத்தான் இருக்கேன். சிக்னல் லைட்டைப் போட்டுட்டு இறங்கி ஓரமா நில்லுங்க. லாரிக்காரன் தட்டிட்டுப் போயிடப் போறான். நான் வர்றேன்."

போனை வைத்தாள்.

"அக்கா! அந்த ஆளுக்கா உதவி பண்ணப் போறீங்க?"

"நடு ரோட்டுல நிக்கிறவனை நல்லவனா கெட்டவனான்னு கேட்டுக்கிட்டா இருக்க முடியும்? கட்டி இழுக்கக் கயிறு எடுத்துக்கறேன். உங்க வண்டியையும் ஓட்டிப் பார்த்தாகணும். கூட்டிட்டுப் போறீங்களா... இல்ல சுடறீங்களா?"

அவன் அவளையே பார்த்தான். மூலையில் கழிவு ஆயில் டிரம் இருந்தது.

ப்ளக்!

துப்பாக்கி டிரம்முக்குள் முழுகியது.

"ஏறுங்கக்கா."

பாலத்தின் நடுவே கொழுந்தன் வியர்த்துக் கொட்டி நின்றிருந்தார். பக்கத்தில் இன்ஸ்பெக்டர், போலீஸ் ஜீப்.

கார் வந்து நின்றது. ஒரு கதவிலிருந்து அண்ணி. மறு கதவிலிருந்து... சாந்தம்!

கயிற்றுச் சுருளோடு அவன் நேராக நடந்து வர, கொழுந்தனின் முகம் வெளுத்தது. தடாலென்று அண்ணியின் காலில் விழுந்தார்.

"அண்ணி! என்னைக் கொன்னுடச் சொல்லாதீங்க! உங்களைக் கொல்லுன்னு இவனை அனுப்பினது நான்தான், ஒத்துக்கறேன்! மன்னிச்சிடுங்க!"

பாலத்தில் ஹாரன்கள்கூட நின்றுபோயின.

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நான் வண்டியைத் தள்ளத்தான் வந்தேன்... இது போனஸா!" சாந்தத்திடம் திரும்பினார். "நீ யாருய்யா?"

சாந்தம் அக்காவைப் பார்த்தான். அவளுக்குப் பொய் வராது. உண்மையைச் சொல்லவும் மனசு வரவில்லை போலும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவனே இரண்டு கைகளையும் நீட்டினான்.

"அவர் சொல்றது நிஜம்தான் சார்."

"கொல்லப் போனவன் ஏன் கொல்லல?"

"தப்பிச்சுப் போறதுக்காக பெல்ட் மாத்தினேன். மாத்தி முடிச்சதும் தப்பிச்சுப் போகவே தோணல சார்."

அக்கா முந்தானையால் கண்களைத் துடைத்தாள். முகத்தில் இன்னும் கொஞ்சம் கிரீஸ். "பொண்ணை நான் ஸ்கூல்ல கொண்டுபோய் விடறேன் தம்பி. கவலைப்படாதீங்க."

"சரி, ரெண்டு பேரும் ஜீப்ல ஏறுங்க!" என்ற இன்ஸ்பெக்டர், என்னவோ தோன்றி டிரைவரிடம் கேட்டார். "யோவ், நம்ம ஜீப்புக்கு டைமிங் பெல்ட் எப்பய்யா மாத்தினது?"

டிரைவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு விழித்தார். "எந்த பெல்ட் சார்?"

ஒரு காலை ஜீப்பில் வைத்திருந்த சாந்தம் அதைக் கீழே இறக்கினான்.

"சார்... தப்பா நினைக்காதீங்க. நான் என் வண்டியிலயே ஜெயிலுக்கு வந்துடறேனே!"