நாகையா கேட்கிறார்

வீரம்மா அன்றைக்குக் "கேட்டாரு" என்று சொல்லவில்லை. "கேக்குறாரு" என்றாள்.

சனிக்கிழமை. அரை நாள் வேலை முடிந்து தங்கரத்தினம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான். வாசலில் குடையை மடக்கிக்கொண்டு அவள் நின்றாள். அவள் கணவர் நாகையா செத்து அன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. உட்காரச் சொன்னான், உட்காரவில்லை. ஜோத்பூரில் ரயிலை விட்டு இறங்கினால் முதல் கிணறு எத்தனை மைல் என்று கேட்டாள்.

"ஏன் தங்கச்சி, அது உங்களுக்கு என்னத்துக்கு?"

"எனக்கில்லண்ணே. அவரு கேக்குறாரு."

துக்கத்தில் இருப்பவர்களின் வாய்க்கு இறந்தகாலம் சீக்கிரம் வராது என்று அவன் நினைத்துக்கொண்டான். இருபத்திரண்டு மைல் என்றான். கடைக்கு அனுப்பப்பட்டவள் மாதிரி அவள் அதை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகுதான் அந்த வாசனை அவனுக்குத் தெரிந்தது. மழை பெய்து பத்து நாளாகியிருந்த, கூரைத் தகரம் முறுகும் வெயில் நேரத்தில், வாசல் முழுக்க ஈர மணலும் இரும்பும் கலந்த குளிர்ந்த வாசனை.

நாகையா செந்தூல் ரயில் பட்டறையில் எஞ்சின் பிட்டர். மலாயாவுக்கு வருவதற்கு முன், பதினாறு வயதில், ஜோத்பூருக்கு மேற்கே பாலைவனத்தில் தண்டவாளம் போட்ட கூட்டத்தில் இரண்டு வருஷம் கூலி வேலை பார்த்தவர். தண்டவாளத்தை விட்டு நூறு அடி விலகிப் போகக் கங்காணி விடமாட்டான். தூரத்தில் மணல் மேடுகள் இருந்தன. காலையில் ரோஜா நிறம், பகலில் எலும்பு நிறம், சாயங்காலம் செம்பு. "காத்து அடிச்சா மேடு நகரும், கிராணியாரே," என்பார் தங்கரத்தினத்திடம்; ஆபீஸ்காரர்கள் எல்லாரும் அவருக்குக் கிராணிதான். "இன்னிக்கு இங்க இருக்கும், நாளைக்கு அங்க இருக்கும். அதுமேல ஒரு தடவை ஏறிப் பாத்துட்டா போதும் எனக்கு."

தங்கரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரன், ரயில்வே அலுவலகத்தில் வரைபடம் வரைபவன், முப்பது வயது, கல்யாணமாகாதவன். மலாயாவுக்கு வந்த பிறகு கிள்ளான் ஆற்றுக்கு அப்பால் எதையும் பார்த்ததில்லை. நாகையாவின் பேச்சில் அவன் விழுந்ததற்குக் காரணம், அதுவரை யாரும் அவனை எதற்கும் கூட்டுச் சேர்த்ததில்லை என்பதுதான். இரண்டு வருஷம் திட்டம் போட்டார்கள். போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல், பெட்டியில் கட்டிய இரண்டு மோட்டார் சைக்கிள்கள், பிறகு ரயில், பிறகு மணலில் பதினொரு நாள். தங்கரத்தினம் சர்வே தாள்களைப் பார்த்து மெழுகுத் துணியில் வரைபடம் எடுத்து, கிணறுகளை நீல மையில் குறித்தான். நாகையா எஞ்சினுக்குள் மணல் போகாமலிருக்கத் துணியுறை தைத்தார், கித்தான் துணியில் தண்ணீர்ப் பை தைத்தார். வீரம்மா சோறு போட்டாள். வரைபடத்தின்மேல் குழம்பு சிந்தாதபடி தட்டைத் தள்ளித் தள்ளி வைத்தாள்.

மழை ஓயாத இந்த நாட்டில் மணலில் ஓட்டிப் பழக எங்கே போவது? பூச்சோங் போகும் சாலைக்கு உள்ளே ஒரு பழைய ஈய லம்பம் இருந்தது. ஈயத்தின் விலை விழுந்த வருஷம் மூடிவிட்டுப் போன சுரங்கம். கழுவி ஒதுக்கிய மணல் அரை மைலுக்கு வெள்ளை வெள்ளையாய்க் குன்று கட்டிக் கிடந்தது. புல் கிடையாது. பறவை உட்காராது. ஞாயிற்றுக்கிழமைகளில் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு இருவரும் அதில் ஏறி இறங்குவார்கள். குன்றுகளுக்கு நடுவே சேற்றுக் குட்டைகள் மேலே காய்ந்து, மணல் போலவே கிடக்கும். அப்படி ஒன்றில்தான் நாகையா வண்டியோடு இறங்கினார்.

இடுப்பு வரை போய்விட்டார், சீனக் கூலிகளின் கொங்சி வீட்டுக்கு ஒன்றரை மைல் ஓடிக் கயிறு வாங்கி வந்தேன், வந்து பார்த்தபோது ஒன்றும் இல்லை. போலீஸிடம் தங்கரத்தினம் சொன்னது இது. மூன்று நாள் மூங்கிலால் குத்திப் பார்த்தார்கள். ஆளும் கிடைக்கவில்லை, வண்டியும் கிடைக்கவில்லை. உடலைப் பார்க்காமல் தாலியைக் கழற்று என்று வீரம்மாவிடம் சொல்லச் செந்தூல் லைன் வீடுகளில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் வந்தாள்.

"மூணாவது நாள் தங்குற எடத்துல தண்ணி உப்பாம்ணே. வடக்க பத்து மைல் தள்ளி இன்னொரு கெணறு இருக்காம். அங்க மாத்தச் சொல்றாரு."

அவளுக்கு எழுத்துத் தெரியாது. திங்கட்கிழமை தங்கரத்தினம் அலுவலகத்தில் பழைய சர்வே புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்து, சாயங்காலம் வரை பக்கம் பக்கமாய்ப் பார்த்தான். அந்தக் கிணற்றின் பெயருக்கு நேரே, பூச்சி அரித்த ஓரத்தில், பொடி எழுத்தில் இருந்தது: உப்பு நீர். வடக்கே பத்து மைலில் இன்னொரு கிணறு.

உயிரோடு இருந்தபோதே சொல்லியிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மனைவியிடம் எல்லாம் சொல்கிற மனிதர். அந்த நினைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நாலு ராத்திரி தூங்கினான்.

மூன்றாவது சனிக்கிழமை அவள் வந்ததும், "லீவு கெடைச்சிருச்சாமே," என்றாள்.

பயணத்துக்காக ஜனவரிக்கு அவன் எப்போதோ கேட்டிருந்த லீவு. திருப்பி வாங்க மறந்துபோன விண்ணப்பம். அனுமதிக் கடிதம் அன்று காலைதான் அவன் மேசைக்கு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஆணியில் தொங்கிய சட்டைப் பையில் அது இன்னும் மடித்தபடியே இருந்தது.

எப்போது வருகிறார் என்று அவளிடம் கேட்டான். கேட்ட பிறகுதான் தானும் 'வருகிறார்' என்று சொல்லிவிட்டது அவனுக்குத் தெரிந்தது.

"மத்தியானத்துல," என்றாள் வீரம்மா, பால்காரனைப் பற்றிச் சொல்வதுபோல. "வாசப்படிக்கு வெளிய நிப்பாரு. உள்ள வரமாட்டாரு. கால் கழுவத் தண்ணி கேப்பாரு. நான் ஊத்திக்கிட்டே இருப்பேன், வெள்ளையாவே வடியும்." குடையை மறு கைக்கு மாற்றினாள். "சரியா பேச முடியலண்ணே அவருக்கு. வாய் நெறைய மண்ணு. மெதுவாதான் சொல்றாரு."

அவள் அழவில்லை. அவள் அழுதிருந்தால் அவனுக்குப் பயம் குறைந்திருக்கும்.

அவள் போன பிறகு வீடு அமைதியாயிற்று. பக்கத்து வீட்டுக் கோழிகள் நிழலுக்கு ஒதுங்கிவிட்டன. தூரத்தில் ஷண்டிங் எஞ்சின் ஒன்று பெருமூச்சு விட்டு நின்றது. அதற்கப்புறம் பின்கட்டிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. டிக். கொஞ்சம் இடைவெளி. டிக். சூடான இரும்பு ஆறும்போது வரும் சத்தம். அவன் அதை நன்றாக அறிவான். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, நாகையாவோடு தேநீர் குடித்தபடி கேட்ட சத்தம். பின்கட்டுக் கொட்டகையில் அவன் மோட்டார் சைக்கிள் சாக்குப் போர்த்தி நின்றது. இரண்டு மாதமாய் அதை அவன் தொடவில்லை. சாக்கை விலக்கினான். எஞ்சின்மேல் கை வைத்தான்.

சுட்டது.

குனிந்து பார்த்தான். இரண்டு டயரிலும் பாதிக் காற்று இறக்கப்பட்டிருந்தது.

புதன்கிழமை உடம்பு சரியில்லை என்று அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டுச் செந்தூலுக்குப் போனான். பயணம் இல்லை, நான் போகமாட்டேன், இனி இந்தக் கேள்வியோடு என் வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்வதற்கு. வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டான். வீரம்மா வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். சிமெண்டுத் தரையில் தண்ணீர் வெள்ளையாய் ஓடிச் சாக்கடையில் இறங்கியது. எத்தனை வாளி ஊற்றியிருப்பாளோ, இரண்டு கையும் ஊறிச் சுருங்கிப் போயிருந்தன.

"இப்பதான் போனாரு," என்றாள்.

அந்தக் கைகளைப் பார்த்ததும் அவன் சொல்ல வந்தது போயிற்று. வேறொன்று வந்தது. இரண்டு மாதமாய் நெஞ்சில் கிடந்தது.

"தங்கச்சி, கயிறு என்ர வண்டியிலதான் இருந்தது."

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். நாகையாவே ஒவ்வொரு ஞாயிறும் அவனுடைய வண்டிக் காரியரில் இருபதடி மணிலாக் கயிறு கட்டிவைப்பார். அன்றும் இருந்தது. குட்டைக்குப் பத்தடியில், கரையில் நின்ற வண்டியில். பயத்தில் அது அவன் கண்ணில் படவில்லை. கயிறு கொண்டு வாறன், அண்ணே, அசையாமல் நில்லுங்கோ என்று கத்திவிட்டு, அந்த வண்டியைத் தாண்டி, அந்தக் கயிற்றைத் தாண்டி ஓடினான். ஒன்றரை மைல். கொங்சி வாசலில் நின்று மலாயில் கேட்டான். மலாயில் கயிற்றுக்குத் தாலி என்று பெயர். தாலி, தாலி என்று கத்திக்கொண்டிருந்தபோது, அந்தச் சொல் வாயில் இருக்கும்போதே, காரியரில் முடிச்சுப் போட்ட கயிறு ஞாபகத்துக்கு வந்தது. திரும்பி ஓடிவருவதற்குள் மணல் மூடிக்கொண்டிருந்தது. நாகையா அதையே பார்த்துக்கொண்டு இறங்கியிருப்பார். கைக்கு எட்டாத கயிற்றை.

"தெரியும்ணே," என்றாள் வீரம்மா.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"மொத நாளே சொல்லிட்டாரு. நீங்க ஓடுறப்ப பின்னாலேயே கூப்பிட்டாராம். கயிறு வண்டியிலயே இருக்குதுய்யான்னு. உங்க காதுல விழலன்னாரு." முந்தானையால் கையைத் துடைத்தாள். "கோவம் இல்லண்ணே அவருக்கு. கொண்டு வரேன்னுதான சொல்லிட்டுப் போனீங்க. காத்துக்கிட்டு இருக்காரு."

தங்கரத்தினம் வாசலில் உட்கார்ந்து அழுதான். அவள் அவன் பக்கத்தில் நின்றபடி, அழுது முடியட்டும் என்று காத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பூச்சோங் பஸ்ஸில் போய் இறங்கி, செம்மண் பாதையில் நடந்தார்கள். கயிறு அவன் தோளில் இருந்தது. காரியரிலிருந்து அவிழ்க்கும்போது முடிச்சு இறுகியிருந்தது, நாகையாவின் முடிச்சு, பல்லால் கடித்து அவிழ்த்தான். வீரம்மா புதுப் புடவை கட்டியிருந்தாள். பாதை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் காட்டுப் பூச்சிகளின் சத்தம் நின்றது. உச்சி வெயில். எந்தக் குன்றுக்கும் நிழல் இல்லை. வானமும் தரையும் ஒரே வெள்ளையாய் இருந்ததால், நடக்க நடக்க எவ்வளவு தூரம் வந்தோம் என்று தெரியவில்லை. அவன் மூச்சும், அவள் மூச்சும், மணல் நெறிபடும் சத்தமும் மட்டும்.

குட்டை அப்படியே இருந்தது. வழுவழுப்பாக. போலீஸார் நட்ட மூங்கில் ஒன்று சாய்ந்து நின்றது.

ஒரு நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு கயிற்றை வீசினான். அது குட்டையின் மேலே காய்ந்திருந்த மண் ஏட்டின்மேல் விழுந்து, பாம்புச் சட்டை மாதிரிக் கிடந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. இவ்வளவுதான் என்று நினைத்தான். ஒரு பைத்தியக்காரத் துக்கம், இரண்டு பேர், ஒரு கயிறு. வாங்கோ போவம் என்று சொல்லத் திரும்பினான்.

கயிற்றின் மறுநுனி மணலுக்குள் இறங்கியது.

மெல்ல. யாரோ விரலால் அமுக்குவதுபோல. ஒரு சாண். இரண்டு சாண். தளர்ந்து கிடந்த கயிறு நெளிந்து, நேராகி, எழும்பியது.

விறைத்தது.

இரண்டு முறை சுண்டியது. பட்டறையில் பாரம் தூக்கும்போது, தூக்கு என்று பிட்டர்கள் கொடுக்கும் சைகை.

"இழுங்கண்ணே," என்றாள் வீரம்மா. அவன் பின்னால் வந்து அவளும் பிடித்தாள்.

இழுத்தான். கனத்தது. வந்தது. ஏடு விரிந்தது. சத்தமே இல்லை. ஒரு கை வெளியே வந்தது. வெள்ளைக் கை. கயிற்றைப் பிடித்திருந்தது. அதற்கு மேலே இன்னொரு கை. மாறி மாறி. அவசரமில்லாமல்.

விடப் பார்த்தான். கயிறு கையைச் சுற்றியிருந்தது.

கீழே பார்த்தான். கணுக்கால் தெரியவில்லை. நின்றது கெட்டித் தரை என்று நினைத்திருந்தான். ஒரு முழம் கயிறு மேலே வந்தது. முழங்கால் வரை குளிர்ந்தது.

"மெதுவா," என்றாள் வீரம்மா அவன் காதருகில், அவனிடமல்ல. "பாத்து வாங்க."

தலையைத் திருப்பினான். அவளும் முழங்கால் வரை இறங்கியிருந்தாள். அவள் அதைப் பார்க்கவில்லை. ஒரு கையால் கயிற்றை இழுத்துக்கொண்டே, மறு கையால் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.